ஒத்திகையின்றி அரங்கேற்றமா?

பட்டயக் கணக்காளர் தேர்வா? அது பணம் படைத்தோர் வீட்டுப் பிள்ளைகளுக்கு என்று பேசுவோர் உண்டு. நாம் கேட்கிறோம்: 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனமே மாதிரி வினாத்தாளையும் விடையையும் விலையின்றி இணையத்தில் தருகிறதே, அதை எத்தனை பேர் எடுத்துப் பார்த்தோம்? பெற்றோர் கடன்பட்ட பணத்தைப் பயிற்சி நிலைய வாசலில் கொட்டுமுன் அதைப் பார்க்க வேண்டாமா?

விதியைக் கேளுங்கள். இடைநிலைத் தேர்வில் ஒரு பிரிவை மட்டும் எழுதுவோர்க்கு மூன்று தாள்கள். தாளுக்குத் தாள் 40 வேண்டும். மொத்தத்தில் 300க்கு 150 வேண்டும். மூன்றிலும் 40 பெற்றால் 120தான், தோல்வி! இரண்டில் 58, ஒன்றில் 39 பெற்றால் 155, அப்போதும் தோல்வி! காலை வாரப்போகும் தாள் எது? நெஞ்சம் சொல்லாது, நண்பன் சொல்லமாட்டான். கடிகாரத்தை எதிரே வைத்து மூன்று மணி நேரம் எழுதிய மாதிரித் தேர்வு சொல்லும். விடையைப் பக்கத்தில் விரித்துக்கொண்டு எழுதுவதோ, தன்னைத் தானே ஏய்த்துக்கொள்வது.

இன்னொன்று. இத்தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம், இந்தியில் எழுதலாம். தமிழில் எழுத வழியில்லை! தமிழில் பயின்ற பிள்ளைக்கு அந்த மூன்று மணியில் ஒரு பங்கு மொழிக்கே போகிறது. அந்த உரிமைக்கு நாம் குரல் கொடுப்போம். அதுவரை, மற்றவர் ஒருமுறை ஒத்திகை பார்த்தால் நம் தம்பியும் தங்கையும் இருமுறை பார்க்கட்டும். வரும் ஞாயிறே தொடங்கட்டும்.