தோழமைப் பாடலும் சர்க்கரைப் பாகும்

யப்பானிய றொக் குழுக்கள் தோழமையைப் பாடுவதெல்லாம் பதின்பருவத்தினர்க்கு விற்கப்படும் சர்க்கரைப் பாகு என்பார் உளர். அத்தகைய பாடல்கள் மலிந்துள்ளன என்பது மெய்யே. எனினும், மலிவானவற்றை மட்டும் பொறுக்கியெடுத்து மரபு முழுவதற்கும் தீர்ப்பு வழங்குதல் விமர்சனமாகாது, சோம்பலாகும்.

சிபா மாநிலத்துச் சக்குரா நகரிற் சிறுபராயந்தொட்டே நண்பராயிருந்த நால்வரின் குழு 'பம்ப் ஒவ் சிக்கின்'. 2000இல் வெளிவந்த அவர்களது 'கே' என்னும் பாடலை இவ்விமர்சகர் கேட்டனரா? அபசகுனமெனக் கல்லெறிபடும் கரும்பூனையொன்றை வறிய ஓவியன் ஒருவன் அணைத்துக்கொள்கிறான். ஆங்கிலத்தில் 'புனித இரவு' எனப் பெயரிடுகிறான். அதனையே ஓயாது வரைகிறான். கரும்பூனையின் ஓவியத்தை வாங்குவார் எவருமிலர். வறுமையில் அவன் மடிய, அவனது இறுதிக் கடிதத்தைக் கௌவியபடி கல்லடிகளினூடே ஓடிய பூனை, காதலியின் வீட்டை அடைந்து உயிர்விடுகிறது. அவள் அதன் பெயரில் 'கே' எனும் ஓரெழுத்தைச் சேர்த்துப் புதைக்கிறாள். ஆங்கிலத்தில் அவ்வெழுத்து முன்னே சேர, 'இரவு' 'வீரன்' ஆகிவிடும்.

இங்கே தோழமைக்குக் கொடுக்கப்பட்ட விலை பட்டினி. விலைபோகாத ஓவியத்தைப் பாடிய பாடலையா சந்தைச் சரக்கென்று ஏசுவது? இறுவட்டு விற்பனையானதுதான் குற்றமெனில், அச்சிட்டு விற்கப்படும் கவிதை நூல்களையும் அதே கூண்டில் ஏற்றவேண்டிவரும்.

2001இல் வெளிவந்த 'விண்பொருள் அவதானம்' பாடலிலோ, நள்ளிரவு கடந்த வேளையிற் தொலைநோக்கியுடன் இரயிற் கடவையருகே நின்ற ஒருவன், உடன்வந்தவரின் நடுங்கிய கையைப் பற்றாது விட்டதைக் காலங்கழிந்தும் எண்ணி வருந்துகிறான். இதில் இனிப்பு எங்கேயுளது?