நீர்க்கடுப்புக்கு ரெண்டு மாத்திரையா?



காரிமங்கலத்தில் யாருக்கு நீர்க்கடுப்பு வந்தாலும் "சூடு" என்று தொப்புளில் விளக்கெண்ணெய். வைத்துக்கொள்ளுங்கள், குளிர்ச்சிதான். தண்ணீர் குறைந்தாலும் எரியும், அதுவும் உண்மை. ஆனால் எரிச்சலோடு அடிக்கடி முட்டினால் பெரும்பாலும் காரணம் ஈ.கோலை என்ற குடல் கிருமி. எண்ணெய்க்கு அது சாகாது.

எண்ணெயாவது கெடுதல் செய்யாது. மெடிக்கலில் நின்று "ரெண்டு மாத்திரை குடுங்க" என்கிறீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எரிச்சல் அடங்கும், மிஞ்சிய கிருமி திரும்ப வரும், சில சமயம் மருந்துக்கு மசியாமல். செஃபிக்ஸிம் போன்றவற்றைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது 2014 மார்ச் முதல் சட்டம். கேட்பவர் நாமாக இருந்தால் கடைக்காரரை மட்டும் திட்டி என்ன பயன்?

குளிர்காய்ச்சல், விலாவில் வலி என்றால் சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரி. கர்ப்பிணிகளும் சர்க்கரைக்காரர்களும் அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது. கல்ச்சர் எழுதிக் கொடுத்தால், முதல் மாத்திரைக்கு முன்பே சிறுநீரைக் கொடுத்துவிடுங்கள்.