கலர் படம் வந்தால் போதுமா? சிமுலேஷனுக்கு முன் 'கேட்' ஃபைலைச் சரிபார்ப்பது ஏன் முக்கியம்?

மெக்கானிக்கல் முடித்து டிசைன் வேலையில் சேரும் ஒருவரிடம் முதல் வாரத்தில் என்ன தருவார்கள்? பெரும்பாலும் வேறு யாரோ, வேறு சாஃப்ட்வேரில் வரைந்த 'கேட்' ஃபைலைத்தான். "இது எவ்வளவு லோடு தாங்கும்னு பாருங்க" என்பார்கள். மெஷ் பட்டனை அழுத்தினால் சிவப்பில் எரர் வரும். லோடு சரி, மெட்டீரியல் சரி, வடிவத்தில்தான் கோளாறு.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரிகள் இருக்கின்றன. ஜி.எஸ்.டி. ரோட்டில் வடக்கே போனால் மஹிந்திரா ரிசர்ச் வேலி, அதைத் தாண்டினால் ஒரகடம் கார் ஆலைகள். இந்த வட்டார மாணவர்கள் குறிவைக்கும் வேலைகளில் இந்த எரர் தினசரி விஷயம். ஆனால் லேபில் அதைப் பார்ப்பதே அபூர்வம்.

அப்படி என்னதான் கோளாறு?

சிமுலேஷன் என்பது ஒரு பொருளை ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போடுவது. அந்தத் துண்டுகளின் வலைதான் மெஷ். இதற்கு வடிவம் ஒழுகாத குடம் மாதிரி இருக்கணும். முடி அளவு இடைவெளி இருந்தாலும் எது உள்பக்கம், எது வெளிப்பக்கம் என்று சாஃப்ட்வேர் குழம்பிவிடும்.

இடைவெளி எப்படி வருகிறது? பல நேரம் வரைந்தவர் தப்பு இல்லை. கேட்டியாவில் 0.001 மி.மீ.க்குள் இருக்கும் இரு புள்ளிகள் ஒன்றாகவே கருதப்படும். சாலிட்ஒர்க்ஸ் பயன்படுத்தும் பாராசாலிட் என்ற அடித்தளத்தில் அந்த அளவு 0.00001 மி.மீ. அதாவது 100 மடங்கு கறார். அங்கே மூடியிருந்த குடம், இங்கே வந்ததும் விரிசல் விட்டதாகத் தெரியலாம். ஊசி மாதிரி மெல்லிய முகங்கள், ஒரே இடத்தில் இரண்டு முறை படிந்த பரப்புகள், தன்னையே வெட்டிக்கொள்ளும் பரப்புகள் என்று மற்ற கோளாறுகளும் உண்டு.

இது சில்லறைப் பிரச்னை இல்லை. அமெரிக்காவின் தேசிய தர நிர்ணய நிறுவனம் 1999-ல் வெளியிட்ட ஆய்வின்படி, சாஃப்ட்வேர்களுக்குள் டிசைன் தகவல் சரியாக மாறாததால் அந்நாட்டு வாகனத் துறைக்கு ஆண்டுக்குக் குறைந்தது 100 கோடி டாலர் செலவு. அதில் பெரும்பகுதி, பழுதான ஃபைல்களைத் திருத்தவும் திரும்ப வரையவும் போனது.

ஆட்டோ ரிப்பேர் பட்டன் இருக்கே?

இருக்கு. ஆனால் அது விரிசலையும் தெரியும், வேண்டுமென்றே விட்ட இடைவெளியையும் தெரியும் என்று நம்பக் கூடாது. அளவு வரம்பைத் தாராளமாக வைத்தால், குளிர்விக்கும் நீர் போகவேண்டிய குறுகிய வழியையும் சேர்த்துத் தைத்துவிடலாம்.

இன்னொரு உதாரணம்: மெஷ் சுலபமாக வரட்டும் என்று உள்மூலையில் இருக்கும் சின்ன வளைவை நீக்குவார்கள். லோடு தாங்காத இடத்தில் பரவாயில்லை. தாங்கும் இடத்தில் நீக்கினால், கூர்மையான அந்த மூலையில் மெஷ்ஷை நுணுக்க நுணுக்க ஸ்ட்ரெஸ் ஏறிக்கொண்டே போகும், எந்த எண்ணிலும் நிற்காது. எதை நீக்கலாம், எதைத் தொடக் கூடாது என்பது இன்ஜினீயர் எடுக்கவேண்டிய முடிவு.

சரிபார்க்காத மாடலின் விலைக்கு நார்வேயின் ஸ்லைப்னர் ஏ எண்ணெய் மேடை சாட்சி. 1991 ஆகஸ்ட் 23-ல் அதன் கான்கிரீட் அடித்தளம் கடலில் மூழ்கியது. இழப்பு சுமார் 70 கோடி டாலர். அங்கே காரணம் கேட் ஃபைல் அல்ல, சரியில்லாத மெஷ். முக்கியமான சுவர்களில் வெட்டு விசை 47% குறைவாகக் கணக்கிடப்பட்டிருந்தது. சாஃப்ட்வேர் எரர் காட்டவில்லை என்பதற்காக விடை சரி என்று ஆகிவிடாது.

லேபில் என்ன மாறணும்?

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 விதிமுறைப்படி நடந்த சிமுலேஷன் லேபில் துளையுள்ள தகடு, எல் வடிவ பிராக்கெட், பீம் போன்ற பயிற்சிகள் இருந்தன. அடிப்படை புரிய அவை தேவைதான். ஆனால் எல்லாமே மாணவர் தானே வரையும் சுத்தமான வடிவங்கள்.

அதோடு பழுதான ஃபைல் ஒன்றையும் கொடுங்கள். புது லைசென்ஸ் வேண்டாம். இலவச ஃப்ரீகேடில் 'செக் ஜியோமெட்ரி' வசதி இருக்கிறது. முதலில் கோளாறுகளைப் பட்டியலிடட்டும். பிறகு தைக்கட்டும், தேவையில்லாததை நீக்கட்டும். கடைசியில் திருத்தத்துக்கு முன்னும் பின்னும் அளவுகளையும் எடையையும் ஒப்பிடட்டும். என்ன மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்று நாலு வரி எழுதினால் அதற்குத்தான் மார்க்.

வேலைத்திறன் வளர்க்கத்தான் 2022-ல் 'நான் முதல்வன்' திட்டம் வந்தது. அதிலும் இதற்கு ஒரு இடம் இருக்கணும். இன்டர்வியூவில் கலர் ரிசல்ட் படத்தை எல்லோரும்தான் காட்டுவார்கள். "இந்த ஃபைலில் இதெல்லாம் தப்பு, இப்படிச் சரிசெய்தேன்" என்று சொல்லத் தெரிந்தவர்தான் முதல் நாளே வேலைக்கு ஆவார்.