இடுக்கை அடைத்தோம், கரியை உள்ளே வைத்தோம்!

ஐப்பசி மழை விட்டு வானம் வெளுத்தால் போதும், ஊட்டிப் பக்கம் இருக்கும் எங்களுக்கு அடுத்த கவலை ஆரம்பமாகி விடும். முதலில் நீர்ப்பனி, அப்புறம் உறைபனி என்று பிப்ரவரி வரைக்கும் இதே பேச்சுதான். சுற்றுலா வருகிறவர்கள் தலைக்குந்தா புல்வெளியில் பனி வெள்ளையாகப் படர்ந்திருப்பதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய் விடுவார்கள். விடியற்காலையில் குழாயைத் திறந்து பாத்திரம் கழுவுகிறவளுக்குத்தானே தெரியும் அதன் அழகு!

கம்பளியை எல்லாம் வெயிலில் போட்டுத் தட்டி எடுப்பது, விறகை மழை படாத இடத்தில் அடுக்குவது, பிள்ளைகளின் ஸ்வெட்டர் இந்த வருஷமும் பத்துமா என்று போட்டுப் பார்ப்பது எல்லாமே பெண்கள் தலையில்தான். தோசை மாவு லேசில் பொங்காது. அரைத்த மாவைப் பாத்திரத்தோடு கனத்த துணியில் சுற்றி, சமையல் முடிந்து அணைத்த விறகடுப்புக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். தயிருக்கு, உறை ஊற்றிய பாலை ஹாட் பாக்கில் வைத்து மூட வேண்டும். தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு கல்லாகி விடும். கீழ்நாட்டிலிருந்து கல்யாணமாகி வந்த எனக்கு இதெல்லாம் மாமியார் சொல்லிக் கொடுத்ததுதான். அவர் சொன்னதில் ஒன்றை மட்டும் நான் கேட்டிருக்கக் கூடாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

2023 டிசம்பரில் நடந்தது இது. மாமியாரும், அப்போது இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் மகளும் ஒரே அறையில் படுப்பார்கள். குளிர் காற்று வரக்கூடாது என்று என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஜன்னல் இடுக்கெல்லாம் பேப்பரைத் திணித்து டேப் ஒட்டினார். மேலே இருந்த காற்றுத் துவாரத்துக்கும் அட்டை வைத்து அடைத்தார். கதவடியில் நான் கிழிந்த சாக்கைச் சுருட்டி வைத்தேன். குளிர்காலத்துக்கு வீட்டைத் தயார் செய்து விட்டோம் என்று எங்களுக்கு ஒரே பெருமை!

அன்று ராத்திரி மாமியாருக்கு முழங்கால் வலி. வழக்கம்போல குமுட்டியில் கரி கங்கு போட்டு அறைக்குள் வைத்தேன். கங்கு சாம்பல் பூத்திருந்தது. இனி என்ன, தானே அணைந்து விடும் என்று நானும் போய்ப் படுத்து விட்டேன்.

நடு ராத்திரியில் மகள் தலையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, தலை வலிக்குது" என்று தள்ளாடியபடி வந்து நின்றாள். நின்ற இடத்திலேயே வாந்தி எடுத்தாள். சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை போல என்று நினைத்துக்கொண்டு பாயை மாற்ற அந்த அறைக்குள் போனேன். எத்தனை கூப்பிட்டும் மாமியார் கண்ணைத் திறக்கவில்லை. என் வீட்டுக்காரரும் நானும் அவரைத் தூக்கி வந்து வாசல் திண்ணையில் கிடத்தினோம். பக்கத்து வீட்டு ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "ரூம்ல கரி வெச்சீங்களா?" என்பதுதான். இரண்டு பேருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். அந்தக் குழந்தை மட்டும் எழுந்து வராமல் இருந்திருந்தால்? இன்றைக்கும் நினைத்தால் எனக்குக் கை நடுங்குகிறது.

கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்று ஒரு வாயு வருமாம். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், மயக்கம், தூக்கத்திலேயே மரணம். விறகு புகையும், கண் எரியும், நாமே எழுந்து கதவைத் திறந்து விடுவோம். கரியில் புகை இல்லையே என்று நம்பித்தானே உள்ளே கொண்டு வருகிறோம்! சாம்பல் பூத்து அடங்கிக் கிடக்கும் கங்கிலிருந்தும் அந்த வாயு வந்துகொண்டேதான் இருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

வீட்டுக்கு வந்த பிறகு மாமியார் கேட்டார், "நாங்க காலங்காலமா வெச்சுட்டுத்தானே தூங்கினோம், ஏம்மா, அப்ப ஒண்ணும் ஆகலையே?" நியாயமான கேள்வி. நானும் பல நாள் யோசித்துப் பார்த்தேன். அப்போது அவர்கள் இருந்தது பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக இருந்த வீடு. நாலு பக்கமும் இடுக்கு. குளிர் உள்ளே வந்த வழியிலேயே கெட்ட காற்றும் வெளியே போயிருக்கும். இப்போது கான்கிரீட் சுவர், இழுத்து மூடும் அலுமினிய ஜன்னல். போதாததற்கு டேப் வேறு! வீடு மாறி விட்டது, பழக்கத்தை மட்டும் நாம் மாற்றவில்லை.

"ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வெச்சா போதாதா?" என்று சில தோழிகள் கேட்கிறார்கள். போதாது என்பதுதான் என் கருத்து. குளிர் அதிகமானால் தூக்கக் கலக்கத்தில் யாராவது ஒருவர் எழுந்து அதைச் சாத்தி விடுவார். படுக்கிற அறையில் கரியே வேண்டாம். குளியலறையில் கேஸ் கீஸர் வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும். காற்றுப் போக வழியில்லாமல் அது எரிந்தாலும் இதே வாயுதான். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் குளிருக்குப் பயந்து அந்த ஜன்னலையும் பிளாஸ்டிக் ஒட்டி மூடியிருந்தார்கள். நான் போய்ச் சண்டை போட்டுத்தான் எடுக்க வைத்தேன். இப்போதும் அந்த அம்மா என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பரவாயில்லை.

குளிருக்கு என்ன செய்வது என்றால், ஒரு கனத்த கம்பளிக்குப் பதில் மெல்லியதாக இரண்டு போர்த்திக் கொள்ளலாம். காலுக்கு சாக்ஸ், தலைக்குக் குல்லாய். சிமெண்ட் தரையில் வெறும் பாயில் படுக்காமல் அடியிலும் ஒரு ஜமுக்காளம் போட்டால் பாதிக் குளிர் போய்விடும். மாமியாருக்கு வெந்நீர்ப் பை வாங்கினேன். அதில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றக் கூடாது, துணி சுற்றித்தான் கொடுக்க வேண்டும். சர்க்கரை வியாதி உள்ள பெரியவர்களுக்குக் காலில் சூடு உறைக்காமலே கொப்புளம் வந்து விடும்.

குமுட்டியை நான் தூக்கி எறியவில்லை. சாயங்காலம் திண்ணையில் வைத்து எல்லோரும் சுற்றி உட்கார்ந்து குளிர் காய்கிறோம், பிள்ளைகள் வீட்டுப் பாடமும் அங்கேதான். படுக்கப் போகும்போது குமுட்டி வெளியிலேயே இருக்கும். இந்த ஐப்பசியிலும் என் வீட்டுக்காரர் பழைய பேப்பரும் டேப்புமாக ஸ்டூல் போட்டு ஏறினார். மாமியார் கீழே நின்றபடி, "ஜன்னலை என்ன வேணா பண்ணிக்கோ, மேல இருக்கிற அந்த ஓட்டையை மட்டும் தொட்டே, பாத்துக்கோ!" என்று அதட்டினார்.