தாத்தா வண்டிக்கு அஞ்சு கியர் எதற்கு?

தென்னேரி, வாலாஜாபாத் பக்கம் ஒரு காலத்தில் மாப்பிள்ளை அழைப்பு என்றால் அம்பாசடர்தான். பட்டுப்புடவை எடுக்கக் காஞ்சிபுரம் போவதென்றாலும் எட்டுப் பேரை அடைத்துக்கொண்டு அதே வண்டி. 2014-ல் உத்தர்பாரா தொழிற்சாலையில் தயாரிப்பு நின்றதும் கதை முடிந்தது என்றார்கள். முடியவில்லை மக்களே! கொட்டகையில் கிடந்த தாத்தா வண்டியைப் பேரன்கள் தூசி தட்டுகிறார்கள். சந்தோஷம். ஆனால் கியர் கொஞ்சம் கரகரத்ததும் ஒரு யோசனை வந்து விழும் பாருங்கள்: "பழைய பாக்ஸைக் கடாசிட்டு இசுசு அஞ்சு கியர் போட்டுடுங்க சார்."

முதலில் அந்தக் கரகரப்பு எங்கிருந்து வருகிறது என்று யாராவது பார்த்தார்களா? பழைய அம்பாசடரில் முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது. வண்டி நகரும்போது போட்டால் கத்தத்தான் செய்யும். அது நோயல்ல, சுபாவம். கியர் விழ மறுக்கிறதா? கை கியர் கம்பியிலிருந்து பாக்ஸ் வரை போகும் லிங்கேஜில் புஷ் தேய்ந்திருக்கலாம். கிளட்ச் முழுசாக விடாமல் இருக்கலாம். இதற்கெல்லாம் பாக்ஸைக் கழற்றவே வேண்டாம். இரண்டாவது கியர் தானாக நியூட்ரலுக்குத் தாவினால் மட்டும் பாக்ஸைத் திறக்க வேண்டியிருக்கும். அப்போதும் தேய்ந்த பேரிங், சிங்க்ரோ ரிங் மாற்றினால் பெரும்பாலும் வேலை முடிந்தது.

இசுசு பாக்ஸ் மோசமா என்றால் இல்லை. 1990களில் இசுசு 1800 என்ஜினோடு வந்த ஜோடி அது, நல்ல சாமான். 1489 சிசி கிழவனோடு அதைச் சேர்க்கத்தான் மவுண்டிங் வெல்டிங், புரொப்பெல்லர் ஷாஃப்ட் வெட்டல், அதற்கு மேல் கியர் கம்பிக்காகத் தரையில் ஓட்டை.

இந்த ஓட்டைதான் விவகாரம். அம்பாசடருக்கு லாரி மாதிரித் தனி சேசிஸ் கிடையாது. தரையும் உடம்பும் ஒன்று. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் வாகன விதி, 50 வயது தாண்டிய வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும், சேசிஸ், பாடி ஷெல், என்ஜினில் பெரிய மாற்றம் கூடாது என்கிறது. 1970-ஐ ஒட்டி வாங்கிய வண்டிகளுக்கெல்லாம் அந்த வயது வந்துவிட்டது. தரையை வெட்டியபின் எந்த முகத்தோடு போய் விண்ணப்பிப்பது?

பி.காம் முதலாமாண்டுப் பாடம்தான் இது. ரிப்பேர் என்பது வருவாய்ச் செலவு, சொத்தின் மதிப்பைக் கூட்டினால் மூலதனச் செலவு. இவர்கள் மூலதனம் போட்டு மதிப்பைக் குறைக்கிறார்கள்! இதற்கு எந்தப் பேரேட்டில் பத்தி ஒதுக்குவது?

"நெடுஞ்சாலையில் அஞ்சாவது கியர் சுகம்" என்பார்கள். சுகம்தான், இழுக்கத் தெம்பு இருந்தால். கிழட்டு என்ஜின் ஒரு மேம்பாலம் வந்தாலே நாலாவதுக்கு இறங்கும்.

இதையும் கேட்காமல் மாற்றியே தீருவேன் என்பவர்கள், கழற்றிய பாக்ஸையும் கை கியர் கம்பியையும் புதுப்பேட்டைக்கு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கிரீஸ் தடவி, சாக்கில் சுற்றி, பரணில் வையுங்கள்.