இணைப்பும் சீனியாரிட்டியும்

துறைமுகத் தொழிலாளிக்குச் சீனியாரிட்டியின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அது அவன் உழைத்துச் சேர்த்த ஆண்டுகள். விமானிக்கும் அதுதான் சொத்து.

2007-ல் ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் சர்க்கார் இணைத்தது. சீனியாரிட்டியைத் தீர்க்காமல் விட்டது. விளைவு என்ன? டிரீம்லைனர் பயிற்சி தங்களுக்கே என்று பழைய ஏர் இந்தியா விமானிகள் 2012-ல் 58 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். எதிர்த்தரப்பில் நின்றவர்களும் விமானிகளே! பலர் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். 2024-ல் விஸ்தாரா ஏர் இந்தியாவுடன் இணைந்தபோதும் அதே கவலை தலைதூக்கியது.

இணைப்பு நிர்வாகத்தின் முடிவு. நஷ்டம் மட்டும் தொழிலாளி தலையிலா? இணைப்புக்கு முன்பே இரு தரப்புச் சங்கங்களும் ஒப்பும் ஒரே பட்டியல் வேண்டும். எவரும் இருக்கும் பதவியிலிருந்து இறக்கப்படக் கூடாது என்கிறோம். 2020-ல் எண்ணூர்த் துறைமுகம் சென்னைத் துறைமுகத்தின் கைக்கு மாறியதைக் கண்ட நாம், இதை வேற்றார் சண்டையென்று வேடிக்கை பார்க்க முடியாது.