தராசும் பொறியும்

விழா மலர்களிற் பழைய மாணவர்தம் பெருமையைப் பேசுவது மரபு. வைத்தியரும் பொறியியலாளரும் ஆசிரியரும் இவ்வேடுகளிற் பாராட்டப் பெறுவர். பெண்களின் சமவுரிமைக்கெனச் சட்டங் கற்போரை நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்தோமில்லை. கொத்மலையில் வாழும் நமக்கு அத்துறை மிக அணித்தானது என்பதே எமது துணிபு.

கொழுந்து நிறுக்கும் இடத்தை அறியாதார் நம்முள் இலர். தராசு பொய் சொல்வதில்லை. ஆயின், கூடைக்கும் ஈரத்துக்கும் எவ்வளவு கழிப்பது என்பதை மனிதரே தீர்மானிக்கின்றனர். 1984ஆம் ஆண்டில் ஊதியம் சமமாக்கப்படும் வரை, தோட்டப் பெண்ணின் நாட்சம்பளம் ஆணினதிலும் குறைவாகவே விதிக்கப்பட்டிருந்தது. அங்கே பிழை கணக்கில் அன்று, விதியிலேயே இருந்தது.

அப்பிழை இன்று கணினியுட் புகுந்துள்ளது. அமேசன் நிறுவனம் வேலை விண்ணப்பங்களைத் தரம்பிரிக்க ஒரு பொறியைப் பழக்கியது. பத்தாண்டு விண்ணப்பங்களே அதற்குப் பாடம். அவற்றுட் பெரும்பாலானவை ஆண்களுடையவை. ஆதலின், 'பெண்கள்' என்னுஞ் சொல் வந்த விண்ணப்பங்களைப் பொறி தாழ்த்தியது. அச்செய்தி 2018இல் வெளியாயிற்று. அவ்வாறு செய்க என எவரும் கட்டளையிட்டிலர். பழைய வழக்கத்தையே பொறி கற்றுக்கொண்டது. நம் நாட்டிலும் 2023இல் வந்த அஸ்வெசும உதவித்திட்டம் 22 குறிகாட்டிகளைக் கொண்டே குடும்பங்களைத் தெரிந்தது. பல இலட்சம் பேர் மேன்முறையீடு செய்தனர்.

பொறிக்குப் பட்சபாதம் இல்லை, கங்காணியினும் அது மேல் என்பாருமுளர். கங்காணியிடமாவது காரணங் கேட்கலாம். பொறியிடம் யார் கேட்பது?

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை பால் காரணமாக ஓரங்காட்டுதலை விலக்குகின்றது. ஆயினும் 126ஆம் உறுப்புரையின்படி உயர் நீதிமன்றத்தில் முறையிடக்கூடியது ஆட்சித்துறை, நிருவாகத்துறைச் செயல்களுக்கு எதிராகவே. தனியார் கம்பனியின் பொறி அவ்வெல்லைக்கு அப்பால் நிற்கின்றது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, பொறி தானே எடுத்த முடிவை மீளாய்வு செய்யுமாறு கோரும் உரிமையை எழுதிவைத்துள்ளது. ஏட்டிலுள்ள உரிமையைக் கைக்குக் கொணர வழக்கறிஞர் வேண்டும்.

இதற்கு முன்மாதிரி நம் நாட்டிலேயே உண்டு. இராதிகா குமாரசுவாமி அம்மையார், பெண்களுக்கெதிரான வன்முறை பற்றி ஆராய ஐக்கிய நாடுகள் அமைத்த பதவியில் முதலாவதாக அமர்ந்து, 1994 முதல் 2003 வரை பணியாற்றினார். வீட்டினுள் நிகழும் கொடுமை குடும்ப விடயம் என ஒதுக்கப்பட்டு வந்தது. தனியார் செய்யுங் கொடுமையைத் தடுக்காத அரசும் பொறுப்புக்கூற வேண்டும் என அவர் வாதிட்டார். அவ்வாதமே தனியார் பொறிக்கும் பொருந்தும்.

பழைய மாணவர்க்கு எமது வேண்டுகோள் ஒன்றே. ஆண்டுதோறும் ஒரு தோட்டத்துப் பெண்பிள்ளையேனும் சட்டங் கற்கப் பொருளுதவி செய்யுங்கள். மாணவர்க்குச் சொல்வதும் ஒன்று: சட்டம் பயில விழைவோர் கணிதத்தைக் கைவிடாதீர்கள். நிறுவையைப் படிக்கத் தெரியாதவர் கழிவைக் கேட்க இயலாது. தாயின் கூடையிற் கழிக்கப்பட்டதை மகள் மன்றில் நின்று கேட்கும் நாளே நம் கல்லூரிக்கு உண்மையான விழா நாளாகும்.